ஜெர்மனியில் தனிக்குடித்தனம்: கணக்குப்பிள்ளை பதில்கள்

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலுமாக 34 ஆண்டுகள் தோல், காலணி ஏற்றுமதி நிறுவனங்களில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். கடைசியாக வேலை பார்த்த நிறுவனம் நடுத்தரத்துக்கும் கீழே. ஆனாலும் ஜெர்மனியில் ஒன்று, எத்தியோப்பியாவில் ஒன்று என இரண்டு துணை நிறுவனங்கள் வைத்திருந்தது. போன இதழில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் வட ஆற்காட்டில் பாதிப் பேர் வெளிநாட்டில் கம்பெனி தொடங்கக் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. வருமான வரி நோட்டீசுக்குப் பதில் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா, நாங்கள் ஆம்பூரில் 140 பேரை வைத்து ஆண்கள் காலணி செய்து ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் ஜெர்மன் வாடிக்கையாளர், "இங்கேயே ஒரு கம்பெனி தொடங்கிச் சரக்கை இருப்பு வையுங்கள், வியாபாரம் பெருகும்" என்கிறார். எவ்வளவு முதல் தேவைப்படும்?
— வாசகர், ஆம்பூர்

சட்டம் கேட்கும் தொகை பெரிதல்ல. ஜி.எம்.பி.எச். என்று அங்கே சொல்லப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனத்துக்குக் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ. அதிலும் பாதியை, அதாவது 12,500 யூரோவைக் கட்டிவிட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இதைக் கேட்டதும் எங்கள் முதலாளி, "இவ்வளவுதானா?" என்று சிரித்தார்.

முதல் பாடம் நோட்டரி அலுவலகத்தில் கிடைத்தது. நிறுவன ஒப்பந்தம் முழுவதையும் நோட்டரி வாய்விட்டு வாசித்தாக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஜெர்மன் மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டைவிரலை அழுத்திவிட்டு வெளியே வந்து டீ குடித்துப் பழகிய முதலாளி, பாதி வாசிப்பிலேயே கண்ணயர்ந்துவிட்டார். நோட்டரி நிறுத்திக்கொண்டு, அவர் விழிக்கும்வரை காத்திருந்தார்.

அடுத்தது வங்கி. மூலதனத்தைப் போட ஒரு கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க வேண்டுமானால் நிறுவனத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளர்கள் யார் யார் என்று காட்ட வேண்டும். எங்கள் கம்பெனியோ குடும்பச் சொத்து: அண்ணன் தம்பி மூவர், தாயார், ஒரு சித்தப்பா. தாயாரிடம் பாஸ்போர்ட் கிடையாது. சித்தப்பாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. இதைச் சரிசெய்யவே நான்கு மாதம் ஆயிற்று. பெரிய நிறுவனத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கும். எங்களிடம் நானும் ஒரு தட்டச்சரும் இருந்தோம்.

எனவே 25,000 யூரோவைப் பார்க்காதீர்கள். சம்பளத்துக்கு மேல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சமூகக் காப்பீட்டுக்கு முதலாளி கட்ட வேண்டும். ஊழியர் நோயில் படுத்தால் ஆறு வாரம்வரை முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். கிடங்கு வாடகை, வரி ஆலோசகர் கட்டணம், 19 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரிக்கான கணக்கு எல்லாம் ஒரு ஜோடி விற்பதற்கு முன்பே தொடங்கிவிடும். காலணிக் கடைக்காரர்கள் குளிர்காலச் சரக்குக்கு அரை வருடம் முன்னதாகவே ஆர்டர் கொடுப்பவர்கள். ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதுதான். விற்பனையே இல்லாமல் பதினெட்டு மாதம் அந்தக் குடித்தனத்துக்கு ஆம்பூரிலிருந்து அரிசி அனுப்ப முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, தம்பி. இந்த யோசனையைச் சொன்னவர் உங்கள் வாடிக்கையாளர். இன்றைக்கு அவர் மொத்தமாக வாங்கித் தன் கிடங்கில், தன் பணத்தில் அடுக்கி வைக்கிறார். நீங்கள் அங்கே கம்பெனி தொடங்கினால், அதே சரக்கு உங்கள் பணத்தில் அவர் வாசலில் இருக்கும். வேண்டும்போது வேண்டிய ஜோடியை எடுத்துக்கொள்வார். பெருகப்போவது யாருடைய வியாபாரம் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை ஜோடி வாங்குகிறேன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் மேலே யோசிக்கலாம்.

எங்கள் நிறுவனம் ஜெர்மனியிலுள்ள சொந்தத் துணை நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்புகிறது. இங்கே புத்தகத்தில் நல்ல லாபம். வங்கியில் பணம் இல்லை. எங்கே போகிறது?
— வாசகர், ராணிப்பேட்டை

எங்கேயும் போகவில்லை ஐயா, வரவே இல்லை.

கோடையில் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் வெறும் மணல் தெரியும். இறங்கி ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வரும். உங்கள் கணக்கு இதற்கு நேர்மாறானது. மேலே தண்ணீர் பளபளக்கிறது, குடத்தை விட்டால் மணல்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 10,000 ஜோடியை ஜோடிக்கு 20 யூரோ விலையில் துணை நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள். இங்கே 2 லட்சம் யூரோ விற்பனை, அதற்குரிய லாபம், லாபத்துக்கு வரி எல்லாம் எழுதியாயிற்று. அங்கே 3,500 ஜோடிதான் கடைகளுக்குப் போயிருக்கிறது. மீதி 6,500 கிடங்கில். சட்டப்படி அது வேறு நிறுவனம், எனவே நீங்கள் விற்றது விற்பனைதான். ஆனால் வீட்டுக்குள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றியதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. இதனால்தான் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், துணை நிறுவனத்தையும் சேர்த்து ஒருங்கிணைந்த கணக்குத் தயாரிக்கச் சொல்கிறது. அதில் விற்காத 6,500 ஜோடியின் லாபம் கழிந்துவிடும். பல சிறு முதலாளிகள் அந்தக் கணக்கைத் தணிக்கையாளரின் சடங்கு என்று ஒதுக்கிவிட்டுத் தனிக் கணக்கை மட்டும் பார்த்து வீடு கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நாங்களும் இரண்டாம் யூனிட்டுக்கு அடிக்கல் நாட்டினோம். அடிக்கல்லோடு நின்றது.

பிறகு ஏற்றுமதிப் பில்லின் கெடு வரும். வங்கி கேட்கும். துணை நிறுவனத்திடம் பணம் இல்லாததால், நீங்களே அதற்குக் கடன் அனுப்பி, அந்தக் கடனிலிருந்து உங்கள் பில்லைக் கட்டச் சொல்லத் தோன்றும். தயவுசெய்து இந்தச் சுற்றில் இறங்காதீர்கள். ஒரே பணம் இரண்டு முறை கடல் தாண்டும். இரண்டு முறையும் வங்கிகள் கமிஷன் எடுத்துக்கொள்ளும்.

மாதம் பிறந்ததும் கிடங்கு இருப்பை அளவு வாரியாகக் கேட்டு வாங்குங்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. நாங்கள் மொத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். 4,000 ஜோடி இருப்பு, நல்லதுதானே என்று இருந்தோம். ஒருநாள் நேரில் போய்ப் பெட்டிகளைத் திறந்தால் 39, 40, 46, 47 அளவுகளே குவிந்து கிடந்தன. நடுவில் ஓடும் அளவுகள் எல்லாம் எப்போதோ விற்றுவிட்டன. கடைக்காரர் 42 கேட்கிறார், இல்லை. புது ஆர்டர் இல்லை. 4,000 ஜோடி இருந்தும் கடை காலி.

துணை நிறுவனம் நம்முடையதுதானே. அதற்கு எந்த விலையில் விற்றாலும் யாருக்கு என்ன?
— வாசகர், குடியாத்தம்

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள். அது அந்நியருக்குள் நடக்கும் பேரம், அதனால் துண்டு இருந்தாலும் விலை சந்தை விலைதான். அண்ணன் தம்பிக்கு மாட்டை விற்கும்போது துண்டுக்குள் எந்த விரலைப் பிடித்தாலும் கேள்வி இல்லை. இங்கேதான் இரண்டு நாட்டு வரித்துறையும் துண்டை விலக்கிப் பார்க்க வருகின்றன.

குறைத்து விற்றால் லாபம் ஜெர்மனிக்குப் போய்விட்டதென்று நம்மவர்கள் கேட்பார்கள். கூட்டி விற்றால் லாபம் இந்தியாவுக்குப் போய்விட்டதென்று அவர்கள் கேட்பார்கள். உறவில்லாத ஒருவருக்கு இதே சரக்கை என்ன விலைக்குக் கொடுத்திருப்பீர்கள் என்பதே அளவுகோல். தொகை சிறிதானாலும் இத்தகைய பரிவர்த்தனைக்கு ஆண்டுதோறும் பட்டயக் கணக்காளரின் அறிக்கை வேண்டும். விலை வைத்த அன்றே, ஏன் இந்த விலை என்று ஒரு பக்கம் எழுதிக் கோப்பில் வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது எழுதினால் அது கதையாகத்தான் இருக்கும். அதிகாரிகள் நிறையக் கதை கேட்டவர்கள்.

எத்தியோப்பியாவில் தோல் ஆலை தொடங்க இருக்கிறோம். நிர்வாகத்துக்குச் சொந்தக்காரரை அனுப்புவதா, உள்ளூர்க்காரரை வைப்பதா? என் மாமனார் சொந்தம்தான் நல்லது என்கிறார்.
— வாசகர், வாணியம்பாடி

மாமனாருக்கு மறுப்புச் சொல்லி உங்களுக்குள் மனக்கசப்பு உண்டாக்க நான் தயாரில்லை. எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த நாடு பச்சைத் தோலுக்கும் பாதி பதனிட்ட தோலுக்கும் 150 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. தோலை முடித்து அனுப்பு, இல்லையென்றால் அனுப்பாதே என்பதுதான் அதன் பொருள். நமக்கு இது புதிதில்லை. 1970களில் நம் அரசும் இப்படிக் கட்டுப்படுத்திய பிறகுதானே ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிக்கொண்டிருந்த நம் ஊர் ஆலைகள் முடித்த தோலுக்கும் காலணிக்கும் மாறின. அந்த அனுபவத்தை நம்பித்தான் முதலாளி 2015இல் அங்கே போனார். தம் மைத்துனரை நிர்வாகியாக அனுப்பினார். நாணயமான மனிதர், ஒரு காசு தொடமாட்டார். நிறுவனத்தைத் தடுமாற வைத்தது அந்த நாணயம்தான் என்றால் நம்புவீர்களா?

வங்கியில் கையெழுத்து அவர் ஒருவருடையது மட்டும். வேறு யாரையும் நம்பவில்லை, முதலாளியும் நம்பச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அவர் டைபாய்டில் மூன்று வாரம் படுத்தார். கூலி கொடுக்க முடியவில்லை, ரசாயனக் கடைக்காரருக்குக் காசோலை இல்லை. ஊறலில் கிடந்த ஆட்டுத்தோல் கேட்கவும் ஆளின்றிக் கெட்டது. ஊறல் காத்திருக்காது என்பது வாணியம்பாடிக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்கு முன்பே ஒரு கூத்து. வரி அதிகாரி மூன்று மணிக்கு வரச் சொன்னார் என்று உள்ளூர் எழுத்தர் குறித்துக் கொடுத்தார். மைத்துனர் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றார். அங்கே நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. மூன்று மணி என்றால் நம் ஒன்பது. அதிகாரி காலையிலேயே காத்திருந்து, வராதவர் என்று எழுதிவிட்டார். ஆண்டும் அப்படித்தான்: பதின்மூன்று மாதம், நமக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால். 2016 தொடக்கத்தில் வந்த ரசீதுகளில் 2008 என்று இருந்ததைப் பார்த்து, "எட்டு வருடம் பழைய பில்லையா காட்டுகிறீர்கள்?" என்று எங்கள் தணிக்கையாளர் கோபித்துக்கொண்டார். அவர்களின் நிதியாண்டு ஜூலை 8ஆம் தேதி தொடங்குகிறது. நம்முடையது மார்ச்சில் முடிகிறது. இரண்டையும் பொருத்துவது என் தலையில் விழுந்தது.

மனிதர் படும் தனிமையையும் கணக்கில் எடுங்கள். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல். திறந்த பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது. குக்கர் இல்லாமல் பிரியாணி இல்லை. ஊரில் பெரும்பாலோர் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பதால் பல உணவகங்களில் அன்று இறைச்சி கிடையாது. நம் பக்கத்து மனிதருக்கு வெள்ளிக்கிழமை பிரியாணி இல்லையென்றால் அது வெள்ளிக்கிழமையா? மாதக்கணக்கில் இப்படி இருந்தவர், ஆம்பூரிலிருந்து முதலாளி தொலைபேசியில் போட்ட சத்தத்துக்கு ஒருநாள் பதிலே பேசாமல் வைத்துவிட்டார். நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்தோம்.

நான் இப்போது செய்வதானால் இருவரையும் வைப்பேன். தொழில்நுட்பத்துக்கு நம் ஊர்க்காரர். கணக்குக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அந்த ஊர்க்காரர். இரண்டு கையெழுத்து. எவ்வளவு தொகைவரை அவர்களே முடிவெடுக்கலாம் என்பது எழுத்தில். முதலாளி வருடத்துக்கு மூன்று முறை நேரில் போக வேண்டும். போக நேரமில்லாத முதலாளிக்கு வெளிநாட்டு நிறுவனம் வேண்டாம். உள்ளூர் வியாபாரத்தில் அவர் கண்ணே கணக்கு. கண்ணை அனுப்ப முடியாது.

அங்கே சம்பாதித்ததை இங்கே கொண்டுவருவதில் சிக்கல் உண்டா?
— அதே வாசகர்

உண்டு. உள்ளூர்ப் பணமான பிர் கையில் இருக்கும், டாலர் இருக்காது. வங்கியில் வரிசையில் நிற்க வேண்டும். நிற்கும்போதே மதிப்புக் கரையும். 2017 அக்டோபரில் ஒரே அறிவிப்பில் 15 விழுக்காடு குறைத்தார்கள். நாங்கள் மூடிவிட்டு வந்த பிறகு, 2024 ஜூலை 29 அன்று சந்தையே விலையைத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். டாலருக்கு 57 பிர் அளவில் இருந்தது சில வாரங்களில் 100ஐத் தாண்டியது. 10 லட்சம் பிர் வைத்திருந்தவரின் 17,500 டாலர் 10,000க்கும் கீழே இறங்கிவிட்டது. யாரும் திருடவில்லை. ஏற்றுமதி செய்து டாலரில் சம்பாதிப்பவராக இருந்தால் தப்பிக்கலாம். உள்ளூரில் விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

ஐயா, நான் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை மூன்று வருடமாக அனுப்பவில்லை என்று வங்கி கடிதம் எழுதியிருக்கிறது. முதலாளி, "அங்கே வியாபாரமே இல்லை, என்ன அறிக்கை?" என்கிறார்.
— வாசகி, வேலூர்

அம்மா, வியாபாரம் இல்லாததும் ஒரு செய்திதான், அதையும் தெரிவிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் அந்த அறிக்கை வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் துணை நிறுவனமானால் தணிக்கை செய்த கணக்கின் அடிப்படையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சொத்து, கடன் பற்றிய இன்னொரு படிவத்துக்கு ஜூலை 15 கெடு.

தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்யலாம். முதலாளியிடம் அதைச் சொல்லாதீர்கள், அசரமாட்டார். தாமதத்தைச் சரிசெய்யும்வரை அந்த நிறுவனத்துக்கு ஒரு யூரோகூட இங்கிருந்து புதிதாக அனுப்ப முடியாது என்பதைச் சொல்லுங்கள். அங்கே சம்பள நாள் வரும்போது புரியும். ஜெர்மனியில் இது இன்னும் கடுமை: கட்ட வேண்டியதைக் கட்டப் பணம் இல்லையென்றால், அங்கிருக்கும் இயக்குநர் மூன்று வாரத்துக்குள் திவால் மனு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் சொந்தப் பொறுப்பில் மாட்டுவார். "அடுத்த மாதம் அனுப்புகிறேன், சமாளி" என்று ஆம்பூரிலிருந்து சொல்வதை அவர் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது.

போகிற போக்கில் ஒன்று பாருங்கள்: முதலாளியின் மகன் தன் சொந்த அட்டையில் துணை நிறுவனத்துக்காக ஏதாவது செலவு செய்திருக்கிறாரா? பெரும்பாலும் செய்திருப்பார். அதை இப்போதே தணிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

துபாயில் கம்பெனி தொடங்கினால் வரியே இல்லையாமே?
— வாசகர், ஆற்காடு

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2023 ஜூன் முதல் தேதியிலோ அதற்குப் பின்போ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 விழுக்காடு நிறுவன வரி உண்டு. தவிர, பெயர்ப் பலகை துபாயில், முடிவெல்லாம் ஆற்காட்டுத் திண்ணையில் என்றால் அதை இந்திய நிறுவனமாகவே கருதி வரி போட நம் சட்டத்தில் இடமிருக்கிறது. 2017இல் வந்த சுற்றறிக்கை 50 கோடி ரூபாய்வரை விற்றுமுதல் உள்ளவர்களை இதிலிருந்து விலக்கியது. நீங்கள் அந்த வரம்புக்குள் இருக்கலாம். ஆனால் வரிக்காக மட்டும் குடித்தனம் பிரித்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஜெர்மன் துணை நிறுவனத்தை மூடிவிட முடிவுசெய்தோம். வரும் மார்ச்சுக்குள் முடியுமா?
— வாசகர், பேரணாம்பட்டு

முடியாது. கலைக்கும் முடிவைப் பதிவுசெய்து, கடன்காரர்கள் முன்வரலாம் என்று பொது அறிவிப்பு வெளியிட்ட பிறகு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு முன் பங்குதாரருக்கு மிச்சப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. அந்த ஆண்டு முழுவதும் கணக்கு எழுத வேண்டும், வரிப் படிவம் போட வேண்டும், கலைப்பாளருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். இங்கே திரும்பி வரும் தொகையை, வந்த 30 நாளுக்குள் வங்கியில் தெரிவிக்க வேண்டும். நாங்கள் திறக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டோம். மூட இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கிடங்கிலிருந்த 39, 47 அளவு ஜோடிகளை வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே ஒருவர் அள்ளிக்கொண்டு போனார்.

எல்லாம் முடிந்த பிறகும் நிறுவனத்தின் புத்தகங்களைப் பத்தாண்டு பாதுகாக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஆம்பூரில் உங்கள் கிடங்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே ஒருவரிடம் ஒப்படையுங்கள், பத்தாண்டுக் கட்டணத்தையும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். நாங்கள் ஒதுக்க மறந்துவிட்டோம். இன்னமும் ஆண்டுக்கொரு முறை அந்த பில் வருகிறது, ஓய்வுபெற்ற என் வீட்டு முகவரிக்கு.